மேல்மாடிக்கு வெப்பத்தடுப்பு போட்டால் மின்கட்டணம் பாதியாகுமா?

வேலூரில் இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாடி எடுத்துக் கட்டியிருக்கிறீர்கள். மேலே இரண்டு படுக்கையறைகள், ஒன்றில் ஒன்றரை டன் ஏசி. கோடையில் இரண்டு மாத மின்கணக்கு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டது. மொட்டை மாடிக்கு இன்சுலேஷன் போட்டால் கட்டணம் பாதியாகிவிடும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தெர்மோகோல், கூல் டைல்ஸ், வெள்ளை பெயிண்ட் ஆகியவற்றில் எதைச் செய்யலாம் என்று கேட்கிறீர்கள். உங்கள் கேள்வியின் கடைசி வரியை நான் இரண்டு முறை படித்தேன்: 'இரவு ஒன்பது மணிக்கும் சீலிங் சுடுகிறது, குழந்தை தூங்குவதில்லை.' ஆகவே நீங்கள் கேட்டிருப்பவை இரண்டு கேள்விகள். போட்ட பணம் திரும்பி வருமா என்பது ஒன்று. அறை ஏன் இரவில் கொதிக்கிறது, அதை எப்படித் தணிப்பது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு உறுதியான பதில் இருக்கிறது. முதலாவதற்கு நீங்கள் ஏசியை எத்தனை மணி நேரம் ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

நான் கட்டடப் பொறியாளர். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் திருச்சியிலும் வேலூர் பக்கத்திலும் வீடுகள் கட்டியும் பழுது பார்த்தும் வருகிறேன். ஏசி இயந்திரம் பழுதாகி அதிக மின்சாரம் இழுக்கிறதா என்பதை அந்த வேலை தெரிந்தவர்தான் பார்க்க வேண்டும். கூரை, சுவர், தண்ணீர்க் கசிவு இவற்றைப் பற்றி என்னால் பொறுப்போடு பேச முடியும்.

முதலில் அந்த ஒன்பது மணிச் சூட்டை எடுத்துக்கொள்வோம். மே மாத நண்பகலில் ஒரு சதுர மீட்டர் மாடியின் மீது விழும் வெயிலின் அளவு 900 முதல் 1,000 வாட் வரை இருக்கும். ஒரு இஸ்திரிப் பெட்டியின் சூட்டைச் சதுர மீட்டருக்கு ஒன்றாகப் பரப்பி வைத்ததற்குச் சமம் இது. பாசி படிந்து கறுத்த சிமெண்ட் தளம் அதில் முக்கால் பங்கை உள்ளே வாங்கிக்கொள்கிறது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேற்பரப்பு 55, 60 டிகிரிக்குப் போய்விடும். அந்தச் சூடு உடனே அறைக்குள் வந்துவிடுவதில்லை. ஐந்தாறு அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து அடிப்பக்கம் வந்து சேர ஏறத்தாழ நான்கு மணி நேரம் பிடிக்கிறது. வெளியே வெயில் தாழ்ந்து காற்று குளிரத் தொடங்கும் நேரத்தில் உங்கள் சீலிங் தன் உச்சச் சூட்டுக்கு வருகிறது. அதன்பிறகு நள்ளிரவு வரை வாங்கியதைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது.

காட்பாடியில் ஒரு வீட்டில் மே மாத இரவு எட்டு மணிக்கு வெப்பமானித் துப்பாக்கியால் (தொடாமலே பரப்பின் சூட்டைக் காட்டும் கருவி) சீலிங்கை இடம் இடமாக அளந்தேன். வெளியே காற்று 32 டிகிரி. சீலிங் பெரும்பாலான இடத்தில் 40. ஒரு மூலையில் மட்டும் 35 காட்டியது. கருவி தவறோ என்று மறுபடி அளந்தேன், அதே 35. மாடிக்கு ஏறிப் பார்த்தால், அந்த மூலைக்கு நேர் மேலே கறுப்புத் தண்ணீர்த் தொட்டி மேடை மீது நின்றுகொண்டிருந்தது. பகல் முழுவதும் அதன் நிழல் அந்த இடத்தில் இருந்திருக்கிறது. வீட்டுக்காரரின் தாயார் கோடை முழுவதும் பாயை அந்த மூலையில்தான் விரிப்பாராம். அவருக்குக் கருவி தேவைப்படவில்லை. ஒரே தளம், ஒரே கான்கிரீட், வெயில் படாத இடத்தில் ஐந்து டிகிரி குறைவு. உங்கள் பிரச்சினைக்கான வழி இதற்குள்ளேயே இருக்கிறது.

நம் தோலின் சூடு 33, 34 டிகிரி. 40 டிகிரியில் இருக்கும் சீலிங் அடுப்பைப் போல நம் மீது வெப்பத்தை வீசிக்கொண்டிருக்கும். அறைக் காற்றை ஏசி 26 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் கட்டிலில் படுத்திருப்பவருக்குப் புழுக்கமாகவே தோன்றும். அதனால் 22 என்று வைப்போம், பிறகு 20 என்று வைப்போம். மின்விசிறியோ சீலிங்கை ஒட்டி நிற்கும் சூடான காற்றை இழுத்துக் கீழே தள்ளுகிறது. குழந்தை தூங்காததற்குக் காரணம் இந்த வீச்சு வெப்பம்தான். சீலிங்கின் சூடு குறைந்தால் 26, 27 டிகிரியிலேயே உடம்பு இதமாக உணரும். ஏசியின் எண்ணை உயர்த்தி வைக்க முடிவதால் வரும் சேமிப்பு, கூரை வழியே வரும் வெப்பம் குறைவதால் வரும் சேமிப்போடு சேர்ந்துகொள்ளும்.

இணையத்தில் இன்சுலேஷன் பற்றிப் படிப்பவை பெரும்பாலும் குளிர்நாட்டு வீடுகளைப் பற்றியவை. அங்கே வீட்டுக்குள் மூட்டிய வெப்பம் வெளியே போகக்கூடாது. அதனால் சுவர், தரை, சன்னல், கூரை எல்லாவற்றையும் போர்த்துவார்கள். நமக்கு வெயில் உச்சந்தலையில் விழுகிறது. ஏப்ரல் மாதக் கடைசி வாரத்திலும் ஆகஸ்டு நடுவிலும் வேலூரில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட நாட்களில் அது உச்சிக்குச் சற்று வடக்கே போகிறது. ஆகவே கோடையில் தெற்குச் சுவர் மீது நேர் வெயில் ஏறக்குறைய விழுவதே இல்லை. கிழக்குச் சுவருக்குக் காலையிலும் மேற்குச் சுவருக்கு மாலையிலும் சில மணி நேரம் உண்டு. நாள் முழுவதும் வாங்குவது மொட்டை மாடி மட்டும். தனி வீட்டின் மேல்தளத்தில் ஒருவர் ஒரே ஒரு இடத்தில்தான் பணம் போட முடியும் என்றால், அது மாடியாகத்தான் இருக்க வேண்டும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வெப்பத்தடுப்புப் பொருள் எதுவானாலும் அதற்குள் வேலை செய்வது அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுதான். தெர்மோகோலின் பெரும்பகுதி காற்று. கான்கிரீட் வெப்பத்தைக் கடத்துவதில் நாற்பதில் ஒரு பங்கு அளவுக்குத்தான் தெர்மோகோல் கடத்தும். நம் ஊரில் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுர்க்கி போட்டு, அதன்மேல் தட்டோடு பதிப்பது நெடுநாள் வழக்கம். சுர்க்கி மழைநீரை வழித்து அனுப்புகிறது, தளத்தைப் பாதுகாக்கிறது, சூட்டைச் சிறிது தாமதப்படுத்துகிறது. நான் மதிக்கும் வேலை அது. ஆனால் வெப்பத்தைத் தடுக்கும் கணக்கில் நான்கு அங்குலச் சுர்க்கி அரை அங்குலத் தெர்மோகோலுக்கு ஈடாகாது. எடையோ சதுர மீட்டருக்கு 150 கிலோவுக்கு மேல். பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகள் குளிர்ச்சியாக இருந்ததற்குச் சுண்ணாம்புத் தளத்தோடு, உயர்ந்த மச்சும் தடித்த சுவரும் முற்றத்துக் காற்றும் சேர்ந்த அமைப்பே காரணம். ஒன்பதரை அடி உயரக் கான்கிரீட் பெட்டிக்கு மேல் சுர்க்கியை மட்டும் போட்டுவிட்டு அந்தக் குளிர்ச்சியை எதிர்பார்க்க முடியாது.

எவ்வளவு தடிமன் தேவை என்பதில் பலரும் பணத்தை வீணாக்குகிறார்கள். மேலுக்கும் கீழுக்கும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் ஒரு சதுர மீட்டர் கூரை எத்தனை வாட் வெப்பத்தை உள்ளே விடுகிறது என்பதே கூரையின் அளவுகோல். ஐந்து அங்குல வெற்றுத் தளத்துக்கு அது ஏறத்தாழ மூன்றரை. ஒரு அங்குலத் தெர்மோகோல் பலகை சேர்ந்தால் ஒன்றுக்கு இறங்கிவிடும். இரண்டு அங்குலம் என்றால் 0.6. முதல் அங்குலம் பத்தில் ஏழு பங்கு வெப்பத்தை நிறுத்திவிடுகிறது. இரண்டாவது அங்குலம் அதற்குமேல் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக நிறுத்துகிறது. மூன்றாவது அங்குலத்துக்குச் செலவு செய்வதில் வீடுகளைப் பொறுத்தவரை பொருளில்லை. குடியிருப்புகளுக்காக மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு 2018-இல் வெளியிட்ட எக்கோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு கூரைக்கு வைத்திருக்கும் மேல்வரம்பு 1.2. ஒழுங்காகப் போட்ட ஒரு அங்குலப் பலகையே அந்த வரம்புக்குள் வந்துவிடும்.

இப்போது பணக் கணக்கு. இது காகிதக் கணக்கு, உங்கள் வீட்டில் அளந்தது அல்ல; இருபது சதவீதம் இப்படி அப்படி இருக்கலாம். அறை 12-க்கு 14 அடி, அதாவது ஏறத்தாழ 15.6 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். கோடை இரவில் வெற்றுத் தளம் சதுர மீட்டருக்குச் சராசரியாக 50 வாட் அளவில் வெப்பத்தை அறைக்குள் இறக்கும். அறை முழுவதற்கும் 780 வாட். நல்ல ஏசி ஒரு பங்கு மின்சாரத்தில் மூன்றரைப் பங்கு வெப்பத்தை வெளியே தள்ளும். ஆகவே கூரைச் சூட்டுக்காக மட்டும் 220 வாட் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. இரவு ஒன்பது மணி நேரம் ஓட்டினால் இரண்டு யூனிட், இரண்டு மாதத்துக்கு 120 யூனிட். நல்ல வெப்பத்தடுப்பு இதில் ஐந்தில் நான்கு பங்கை நிறுத்தும் என்றால் நூறு யூனிட்டை ஒட்டி மிச்சம். அந்த ஏசி இரண்டு மாதத்தில் மொத்தமாக இழுப்பது 400 யூனிட் அளவில் இருக்கும். அதாவது ஏசிச் செலவில் கால் பங்கு குறையும். வெப்பநிலையை இரண்டு டிகிரி உயர்த்தி வைக்கப் பழகிக்கொண்டால் இன்னும் கொஞ்சம் குறையும். மொத்தக் கட்டணமும் பாதியாகும் என்று உங்களிடம் சொன்னவர் பொருளை விற்க வந்தவராக இருக்கலாம். குளிர்ப்பெட்டி, மோட்டார், துணி துவைக்கும் இயந்திரம், வெந்நீர் சூடாக்கி ஆகியவற்றின் யூனிட்டுகளைக் கூரை எப்படிக் குறைக்கும்?

ஆனால் இன்னொரு விஷயம் உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டண அமைப்பில், இரண்டு மாத உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுகளுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கும் விலை இரட்டிப்பாகிறது. 580 யூனிட் ஓட்டும் வீடு நூறு யூனிட் குறைத்து 480-க்கு வந்தால், மிச்சமாகும் தொகை யூனிட் கணக்கில் தெரிவதைவிடக் கூடுதலாக இருக்கும். இப்போதைய விலையை உங்கள் கட்டண ரசீதில் பார்த்து, ஒரு கணக்கில் மிச்சமாகும் தொகையை ஓராண்டின் மூன்று கோடைக் கணக்குகளுக்குப் பெருக்கி, ஒப்பந்தக்காரர் தரும் மதிப்பீட்டை அதனால் வகுத்துப் பாருங்கள்; எத்தனை ஆண்டில் பணம் திரும்பும் என்பது தெரியும். ஓர் அறையில் இரவில் மட்டும் ஏசி ஓட்டும் வீட்டில் வெள்ளைப் பூச்சுச் செலவு ஓரிரு கோடைகளில் திரும்பிவிடும். பலகை பதிக்கும் வேலைக்குப் பல ஆண்டுகள் ஆகும். பகலிலும் ஏசி ஓடும் வீடுகளில் அது வேகமாகத் திரும்பும். வெறும் பணத்துக்காக என்றால் பலகை வேலையை அவசரப்பட்டுச் செய்ய வேண்டாம் என்பேன். குழந்தையின் தூக்கத்துக்கு என்ன மதிப்பு போடுவது என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஆகவே வெள்ளையில் தொடங்குங்கள். பழைய சிமெண்ட் தளம் வெயிலில் கால் பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. புதிதாக அடித்த வெள்ளைப் பூச்சு எண்பது சதவீதம் வரை திருப்பி அனுப்பும். தூசியும் பாசியும் படிந்தபின் அறுபது சதவீதத்தை ஒட்டி இறங்கிவிடும். அப்படி இறங்கிய நிலையிலும் கூரை வழி வரும் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்காவது குறையும். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்று ஒரு கொள்கையே வகுத்து வெளியிட்டது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பலன் தரும் வேலை வேறு எனக்குத் தெரியவில்லை. கூல் டைல்ஸும் வெள்ளைப் பூச்சின் உறவுதான். அதன் பலனில் பெரும்பகுதி வெண்மையிலிருந்து வருகிறது. ஓட்டின் தடிமன் தடுப்பது மிகக் கொஞ்சம். துடைத்தால் மீண்டும் வெளுக்கும், பல ஆண்டுகள் நீடிக்கும் என்பது அதன் பலம். மழையில் வழுக்கும் என்பதால் சொரசொரப்பான ஓடாகப் பார்த்து எடுங்கள், வீட்டில் பெரியவர்கள் மாடிக்குப் போவார்கள் என்றால் இது முக்கியம்.

பூச்சு வேலையில் சாமானைவிட முன்வேலைதான் பெரிது. பிப்ரவரி கடைசியில், மழை ஓய்ந்து வெயில் ஏறுவதற்கு முன் செய்யுங்கள். கம்பித் தூரிகையால் பாசியைச் சுரண்டி, கழுவி, ஒரு நாள் காயவிட வேண்டும். கையை வைத்துத் தேய்த்தால் மாவு ஒட்டக்கூடாது. ஒட்டினால் பூச்சு அதன்மேல் நிற்காது, முதல் மழைக்கே செதில் செதிலாக எழும்பும். கையில் காசு குறைவென்றால் கிளிஞ்சல் சுண்ணாம்பும் வெள்ளைச் சிமெண்டும் பசையும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் தளத்தை நனைத்துவிட்டு இரண்டு கை அடிக்கலாம். ஒரு கோடைக்குத் தாங்கும், வடகிழக்குப் பருவமழையில் கரைந்துபோகும், அடுத்த ஆண்டு மறுபடி அடிக்க வேண்டும். கடையில் விற்கும் குளிர்கூரைப் பெயிண்ட் மூன்று, நான்கு ஆண்டுகள் வரும். பத்து டிகிரி குறையும், பதினைந்து டிகிரி குறையும் என்று டப்பாவில் எழுதியிருப்பது தளத்தின் மேற்பரப்பு வெப்பத்தைப் பற்றியது. மேற்பரப்பில் அந்த அளவு குறைவது உண்மைதான். அறைக் காற்றில் இரண்டு, மூன்று டிகிரி குறைந்தால் அது நல்ல பலன்.

வெள்ளை அடித்து ஒரு கோடை பார்த்தபிறகும் போதவில்லை என்றால், பலகைக்குப் போகலாம். அங்கே அடுத்த கேள்வி, தளத்துக்கு மேலா கீழா என்பது. இடமும் பணமும் அனுமதித்தால் மேலேதான். கான்கிரீட் வெயிலில் நீளும், இரவில் சுருங்கும். 12 மீட்டர் நீளத் தளம் 25 டிகிரி ஏற்ற இறக்கத்தில் மூன்று மில்லிமீட்டர் வரை அசையும். சுவரும் தளமும் சேரும் இடத்தில் மயிரிழை போல ஓடும் வெடிப்புகளுக்கு இந்த அசைவு முக்கியமான காரணம். தடுப்பு மேலே இருந்தால் தளமே சூடாவதில்லை, அசைவும் குறைகிறது. கீழே ஃபால்ஸ் சீலிங் போட்டு அதற்குள் தெர்மோகோல் வைத்தால் அறைக்கு வரும் வெப்பம் குறையும் என்பது மெய்தான். ஆனால் தளம் முன்போலவே கொதிக்கும், அசையும், கசியும். கசிவை ஃபால்ஸ் சீலிங் மறைத்துவிடும். என் மேற்பார்வையில் நடந்த ஒரு பழுது வேலையில் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரித்தபோது மேலே கம்பி துருப்பிடித்து, கான்கிரீட் ஓட்டையாக உதிர்ந்திருந்தது. நான்கு ஆண்டுகளாக அந்த வீட்டார் அதன் கீழ்தான் தூங்கியிருக்கிறார்கள். மறைக்கப்பட்ட மின்கம்பிகளுக்குப் பக்கத்தில் சாதாரணத் தெர்மோகோலை வைப்பது ஆபத்தும்கூட. தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். வாடகை வீடு, மாடி மேல் உரிமை இல்லாத அடுக்குமாடி வீடு என்றால் கீழேதான் வழி. அப்போது தீ பரவாத வகைப் பலகையும் ஜிப்சம் மூடியும் வேண்டும்.

மேலே போடும்போது எதிரி தண்ணீர். அசையாத காற்றைவிடத் தண்ணீர் இருபது மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். நனைந்த தடுப்பு தடுப்பே அல்ல, பாரமாகிவிடும். பெட்டிக்குள் வைத்து வரும் மென்மையான தெர்மோகோலை மாடியில் பரப்பி மேலே சிமெண்ட் கலவை போட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். விரலால் அழுத்தினால் குழி விழும் பொருள் அது. ஆள் நடந்ததும் கலவை வெடிக்கும், வெடிப்பு வழியே ஐப்பசி மழை இறங்கும், அடுத்த கோடையில் பலன் இருக்காது. மாடிக்கென்று எக்ஸ்பிஎஸ் என்ற கெட்டியான நுரைப் பலகை இருக்கிறது. மூடிய நுண்ணறைகள் கொண்டது, தண்ணீர் உறிஞ்சாது, ஆள் நடந்தாலும் தாங்கும். முதலில் தளத்துக்கு வாட்டர் ப்ரூஃபிங் முடிக்க வேண்டும். பிறகு கைப்பிடிச் சுவரோரம் வரப்புக் கட்டி, வடிகுழாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். கீழே ஒரு பொட்டு ஈரம்கூட இல்லை என்று உறுதியானபின் பலகை, அதன்மேல் கலவை, வாட்டத்தோடு வெள்ளை ஓடு. தண்ணீர் கட்டிப் பார்க்காமல் பலகை பதிக்கத் தொடங்கும் மேஸ்திரியை அன்றைக்கே நிறுத்திவிடுங்கள். பலகையை ஏசி அறைக்கு மட்டும் போடுவதாக இருந்தாலும் அறைச் சுவரைத் தாண்டி இரண்டடி நீட்டிப் போடுங்கள். இல்லாவிட்டால் சூடு பக்கவாட்டில் கான்கிரீட் வழியே நுழைந்துவிடும்.

இனி நான் தயங்கும் இடம். உங்கள் இரண்டாவது படுக்கையறையில் ஏசி இல்லை. அங்கே தடிமனான தடுப்பு போடுவது நல்லதா என்பதில் எனக்கு ஒரே பதில் இல்லை. தடுப்பு பகலில் சூட்டை உள்ளே விடாது, இரவில் உள்ளே இருக்கும் சூட்டை மேலேயும் விடாது. தெளிந்த இரவுகளில் மொட்டை மாடி வானத்தை நோக்கி வெப்பத்தை இழந்து குளிரும். சென்னை போன்ற ஈரக் கடற்கரையைவிட வேலூரின் உலர்ந்த காற்றில் இது நன்றாகவே நடக்கும். வெள்ளைப் பூச்சு இந்தக் குளிர்வதைத் தடுப்பதில்லை, பலகை தடுக்கும். இரவு சன்னல்களைத் திறந்துவைத்துக் காற்றோட்டம் வாங்கும் பழக்கம் உள்ள வீட்டில் பலகையும் பலன் தருகிறது. கொசுவுக்கும் திருட்டுக்கும் பயந்து எல்லாம் அடைத்துவைக்கும் வீட்டில் புழுக்கம் குறையவில்லை என்று புகார் வந்திருக்கிறது. ஆகவே ஏசி இல்லாத அறைக்கு வெள்ளையும் நிழலும் போதும் என்பது என் முடிவு. வேறு பொறியாளர்கள் இதில் மாறுபடலாம்.

நிழல் என்றதும் பச்சை வலைப் பந்தல், சூரியத் தகடு, தொட்டிச் செடிகள் எல்லாம் நினைவுக்கு வரும். தளத்திலிருந்து ஒன்றிரண்டு அடியாவது உயர்த்தி, கீழே காற்று ஓடும்படி அமைத்த எதுவும் நல்லதே. சூரியத் தகடு போடும் எண்ணம் இருந்தால் ஏசி அறைக்கு மேலாகப் பார்த்துப் பொருத்தச் சொல்லுங்கள், மின்சாரத்தோடு நிழலும் கிடைக்கும். மண்பானைகளைக் கவிழ்த்து இடையில் கலவை நிரப்பும் முறையில் பானைக்குள் அடைபடும் காற்று ஓரளவு வேலை செய்யும். ஆனால் பானைகளுக்கு இடையே இருக்கும் கலவை வழியே சூடு இறங்கிவிடுகிறது, எடையும் ஏறுகிறது. உங்கள் மாடி தாங்குமா என்று கம்பி விவரம் பார்க்காமல் நான் சொல்லமாட்டேன். மாலையில் மாடிக்குத் தண்ணீர் தெளிப்பது ஏமாற்று வேலை இல்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது முக்கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவான வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஆனால் மே மாதத்தில் வேலூரில் மாடிக்கு ஊற்றத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

வெள்ளித்தாள் போன்ற பளபளப்புத் தடுப்பைக் கலவைக்குள் புதைத்துத் தருவதாக யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அதன் பளபளப்பான பக்கத்துக்கு முன்னால் காற்று இடைவெளி இருந்தால்தான் அது வேலை செய்யும். கான்கிரீட்டோடு ஒட்டிவிட்டால் அது வெறும் தாள். தகரக் கூரை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீடுகளில் கூரைக்குக் கீழே இடைவெளி விட்டுக் கட்டினால் அதே தாள் பெரிய உதவி. ஆஸ்பெஸ்டாஸ் தகட்டைத் துளைக்கவோ அறுக்கவோ கூடாது, அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

சுவர்களில் மேற்குச் சுவரை மட்டும் கவனியுங்கள். அந்தப் பக்கம் சன்னல் இருந்தால் உள்ளே திரைச்சீலை போடுவதைவிட வெளியே மூங்கில் தட்டியோ வெட்டிவேர்த் தட்டியோ கட்டுவது மேல். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயிலில் பெரும்பகுதியைத் திரையால் திருப்பி அனுப்ப முடியாது. ஏசி அறைக் கதவின் அடியில் வெளிச்சம் தெரிகிறதா என்று இரவில் விளக்கை அணைத்துப் பாருங்கள். தெரிந்தால் குளிர்ந்த காற்று அங்கே போய்க்கொண்டிருக்கிறது. ரப்பர் பட்டை ஒட்டினால் சரியாகிவிடும். மழைக்காலத்திலும் கடற்கரை ஊர்களிலும் ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிவதற்குப் போகிறது. கூரைத் தடுப்பு அந்தப் பங்கைத் தொடாது, இடுக்குகளை அடைப்பது தொடும்.

வேலையைத் தொடங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். ஒரு வெப்பமானித் துப்பாக்கி இரவல் வாங்கி, ஒரு வாரம், இரவு ஒன்பது மணிக்கு, சீலிங்கில் குறி போட்ட அதே மூன்று இடங்களை அளந்து ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் அன்றைய வெளிக்காற்றின் சூட்டையும், மின்மீட்டர் காட்டும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளை அடித்தபின் அதே போன்ற வெயில் நாட்களில் மறுபடி ஒரு வாரம் அளவெடுங்கள். சீலிங் 40-இலிருந்து 36-க்கு வந்து குழந்தை தூங்கத் தொடங்கியிருந்தால் பலகைக்கு வைத்த பணத்தை வங்கியிலேயே விட்டுவையுங்கள். 38-க்கு மேல்தான் நிற்கிறது என்றால் அந்த நோட்டின் இரண்டு பக்கங்களையும், மாடியின் அளவையும், சுர்க்கி போட்டிருக்கிறதா இல்லையா என்பதையும் இங்கே எழுதுங்கள். எத்தனை மில்லிமீட்டர் பலகை, எப்படிப்பட்ட வாட்டம் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன்.